கலைத்துப் போட்ட எழுத்துகள்

நகரம் என்ற சொல்லில் நான்கு எழுத்துகள் உள்ளன. நடுவில் உள்ள இரண்டையும் இடம் மாற்றினால் அதுவே நரகம் ஆகிவிடுகிறது. கரம் என்பதை மாற்றினால் ரகம். ஞாயிறு இதழ்களின் சிறுவர் பகுதியில் இப்படி எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, 'என்ன சொல், கண்டுபிடியுங்கள்' என்று கேட்பார்கள். பிள்ளை ஒரு விடை சொல்லும், தாய் ஒன்று சொல்வாள், திண்ணையில் இருக்கும் தாத்தா, 'அதில் ஓர் எழுத்து மிஞ்சுகிறதே' என்பார். ஆளுக்கொன்று சொல்லி வீடே கூடி விடை தேடுகிற நேரம் அது.

இதே விளையாட்டை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் பேரறிஞர்கள் ஆடினார்கள் என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் பொழுதுபோக்குக்காக ஆடவில்லை. தாங்கள் கண்டுபிடித்ததை மற்றவர் எடுத்துக்கொள்ளாமலிருக்கப் போட்ட பூட்டு அது. அந்தப் பூட்டின் கதையைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

1610ஆம் ஆண்டு சனவரி மாதம் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, தம் கையால் செய்த தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி, வியாழன் என்னும் கோளைச் சுற்றி நான்கு நிலவுகள் ஓடுவதைக் கண்டார். மார்ச் மாதத்திலேயே அதை நூலாக அச்சிட்டு வெளியிட்டார். டஸ்கனி நாட்டை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரை அந்த நிலவுகளுக்குச் சூட்டினார். அதற்குப் பலனும் கிடைத்தது. பதுவா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதே ஆண்டில் டஸ்கனிப் பெருங்கோமகனின் அவைக் கணித அறிஞரானார். கண்டதை முதலில் சொன்னவருக்குப் பெயரும் பதவியும் உண்டு. இரண்டாவதாகச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. இந்த நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அந்த ஆண்டு சூலை மாதக் கடைசியில் கலிலியோ சனிக் கோளைப் பார்த்தார். அது ஒற்றை உருண்டையாகத் தெரியவில்லை. நடுவில் பெரியதாக ஒன்றும், இரு பக்கமும் சிறியவை இரண்டுமாக, மூன்று உருண்டைகள் ஒட்டினாற்போல் தெரிந்தன. இப்போது என்ன செய்வது? உடனே அச்சிட்டால் அவசரத்தில் தவறு நேரலாம். பேசாமல் இருந்தால், தொலைநோக்கி வைத்திருக்கும் வேறொருவர் முந்திக்கொள்வார். அவர் ஒரு வழி கண்டார். 'மிக உயரத்தில் உள்ள கோளை மூன்றாகக் கண்டேன்' என்று இலத்தீன் மொழியில் ஒரு வாக்கியம் எழுதினார். அதிலிருந்த 37 எழுத்துகளையும் கண்டபடி கலைத்தார். 'ஸ்மைஸ்' என்று தொடங்கி, வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஓர் எழுத்துக் கூட்டமாக்கி, பிராக் நகரில் இருந்த டஸ்கனித் தூதருக்குக் கடிதத்தில் அனுப்பிவைத்தார்.

நாளை வேறு யாராவது 'சனியை மூன்றாகக் கண்டேன்' என்று சொன்னால், 'இதோ, இன்ன தேதியில் நான் அனுப்பிய எழுத்துகள், கோத்துப் பாருங்கள்' என்று கலிலியோ காட்டலாம். அதுவரையில் விடை அவரிடம் மட்டுமே இருக்கும். நான்கு எழுத்துகளை 24 வகையாக மாற்றி அடுக்கலாம். வெவ்வேறான பத்து எழுத்துகள் என்றால் 3,628,800 வகை. முப்பத்தேழு எழுத்துகளில் சில திரும்பத் திரும்ப வந்தாலும், எல்லா வகையையும் எழுதிப் பார்க்க ஓர் ஆயுள் போதாது.

பிராக் நகரில் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர் யோகான்னஸ் கெப்ளர். கோள்கள் வட்டமாக அல்ல, நீள்வட்டமாகச் சுற்றுகின்றன என்று 1609இல் உலகுக்குச் சொன்னவர் அவர்தாம். சக்கரவர்த்தி ரூடால்ஃபின் அரசவைக் கணித அறிஞர் என்பது பெரிய பட்டம். ஆனால் சம்பளம் எப்போதும் பாக்கி. கையில் நல்ல தொலைநோக்கியும் இல்லை. 1610 ஆகஸ்டு மாதக் கடைசியில் கொலோன் நாட்டு அரசர் தம்முடையதைச் சில நாள் இரவல் கொடுத்த பிறகுதான் வியாழனின் நிலவுகளைத் தம் கண்ணாலேயே பார்த்தார். அதற்கு முன்பே, கலிலியோவைப் பலர் நம்ப மறுத்த நேரத்தில், அவர் சொல்வது மெய்தான் என்று அச்சிலேயே ஆதரித்தவர் இந்தக் கெப்ளர். அப்படிப்பட்ட நண்பருக்கும் கலிலியோ விடையைச் சொல்லவில்லை.

கெப்ளர் உட்கார்ந்து எழுத்துகளைக் கோக்கத் தொடங்கினார். அவர் மனத்தில் முன்பே ஒரு கணக்கு இருந்தது. பூமிக்கு நிலவு ஒன்று, வியாழனுக்கு நான்கு, ஆகவே இடையில் உள்ள செவ்வாய்க்கு இரண்டு இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. கோத்தார், கலைத்தார், மறுபடி கோத்தார். கடைசியில், 'செவ்வாயின் பிள்ளைகளே, இரட்டைத் துணைவர்களே, வாழ்க' என்று பொருள்படும் ஓர் இலத்தீன் வரி கிடைத்தது. அந்த இலத்தீன் கொஞ்சம் கரடுமுரடானது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் செவ்வாய்க்கு இரு நிலவுகள் உண்டென்று கலிலியோ கண்டுவிட்டார் என நம்பினார்.

இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக நாமும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை, மிஞ்சவுமில்லை. கலிலியோவின் வாக்கியத்தில் இருக்கும் 37 எழுத்துகளும் கெப்ளரின் வரியில் அப்படியே இருக்கின்றன. எழுத்துகள் சரியாகப் பொருந்திவிட்டன. விடை மட்டும் தவறு. தாம் எதை எதிர்பார்த்தாரோ அதையே எழுத்துகள் அவருக்குக் காட்டின.

சக்கரவர்த்திக்கும் ஆவல் தாங்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 1610 நவம்பர் 13ஆம் நாள் கலிலியோ விடையை எழுதி அனுப்பினார். செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள் இருக்கின்றன என்பது 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், அசாஃப் ஹால் என்பவர் பெரிய தொலைநோக்கி ஒன்றின் வழியே பார்த்தபோதுதான் தெரிந்தது. கெப்ளரின் கணக்குக்கு அடிப்படை கிடையாது. வியாழனுக்கு நான்கு நிலவுகளா, அதற்கு மேலும் எத்தனையோ உண்டு. குருட்டடியாகச் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

விடை வந்து ஒரு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 11ஆம் நாளில், கலிலியோ இன்னொரு பூட்டை அனுப்பினார். இம்முறை கலைத்த எழுத்துகளே ஒரு வாக்கியமாக அமைந்திருந்தன. 'பழுக்காத இவற்றை நான் இன்னும் வீணாகவே பறித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது அதன் பொருள். இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் கிடைக்காமல் கடைசியில் தனியே நின்றன. கெப்ளர் மறுபடியும் முயன்றார். பல விதமாகக் கோத்துப் பார்த்தும் முடியவில்லை. எங்களை நீண்ட நாள் தவிக்கவிடாதீர்கள் என்று கலிலியோவுக்கு எழுதினார். ஆனால் 1611 சனவரி முதல் நாளிலேயே விடை புறப்பட்டுவிட்டிருந்தது: 'காதலின் தாய் நிலவின் வடிவங்களைக் காட்டுகிறாள்.' காதலின் தாய் என்றால் வெள்ளிக் கோள். நம் நிலவைப் போலவே வெள்ளியும் பிறையாகித் தேய்ந்து வளர்கிறது என்பதே செய்தி. இது சாதாரணச் செய்தியன்று. அது சூரியனைச் சுற்றி வந்தாலன்றி அத்தனை வடிவங்களையும் நமக்குக் காட்ட முடியாது. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய கொள்கை அந்த இடத்தில் உடைந்தது.

இதில் ஒரு சிறு முடிச்சும் உண்டு. கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி டிசம்பர் 5ஆம் நாள் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், 'வெள்ளி நிலவைப் போல் வளர்ந்து தேய்வதைத் தாங்கள் பார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தார். ஆறு நாள் கழித்து ஆசிரியர் பூட்டை அனுப்புகிறார். மாணவரின் யோசனையை ஆசிரியர் தமதாக்கிக்கொண்டாரோ என்று நம் காலத்து வரலாற்றாசிரியர் சிலர் ஐயுற்றதுண்டு. ஒரு கோளின் வடிவம் மாறுவதை ஆறு நாளில் கண்டறிய முடியாது. அதற்குப் பல வாரங்கள் வேண்டும். ஆகவே கலிலியோ முன்பே பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று கொள்வதே பொருத்தம். ஆனாலும் மாணவரின் கேள்வி அவரை அவசரப்படுத்தியிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கெப்ளர் என்ன செய்தார் தெரியுமா? 1611இல் தாம் வெளியிட்ட ஒளியியல் நூலின் முன்னுரையில் கலிலியோவின் கடிதங்களை அச்சிட்டு, விடுகதைகளையும் விடைகளையும் எல்லாரும் படிக்க வைத்துவிட்டார். பூட்டியவரைவிட, பூட்டைத் திறக்க முடியாமல் தவித்து, பிறகு அதை ஊரறியச் சொன்ன மனிதர்மேல்தான் நமக்கு அன்பு கூடுகிறது.

சனியைச் சூழ்ந்திருந்தவை உண்மையில் உருண்டைகள் அல்ல. அதை விளக்கியவர் ஹாலந்து நாட்டுக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அவரும் 1656இல் தம் கண்டுபிடிப்பைப் பூட்டியே வைத்தார். ஆனால் அவர் எழுத்துகளைக் கலைக்கவில்லை, வரிசைப்படுத்தினார். 'ஏ' ஏழு, 'சி' ஐந்து, 'டி' ஒன்று என்று இப்படியே 62 எழுத்துகள். இதை யாரால் விடுவிக்க முடியும்? யாரும் விடுவிக்க வேண்டுமென்று அவர் எண்ணவுமில்லை. அது விடுகதையாக இல்லாமல் வெறும் முத்திரையாகிவிட்டது. 1659இல் தாமே திறந்து காட்டினார்: சனியைச் சுற்றி மெல்லிய, தட்டையான வளையம் ஒன்று உண்டு, அது கோளை எங்கும் தொடவில்லை, சாய்ந்து நிற்கிறது.

இதற்கிடையில் காலம் மாறத் தொடங்கியது. 1665இல் இலண்டனில், ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் சங்கத்தின் செயலாளர் ஓல்டன்பர்க், அறிவியலுக்கென ஒரு மாத இதழைத் தொடங்கினார். சங்கத்துக்கு வரும் கடிதங்கள் இன்ன நாளில் வந்தன என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டன. பிரட்டில் பெயர் பதிவானவனுக்கு அன்றைய வேலைக்குச் சாட்சி இருப்பது போல, முதலில் சொன்னவருக்கு இப்போது எழுத்தில் சாட்சி கிடைத்தது. வெளிப்படையாகச் சொன்னாலும் உரிமை போகாது என்ற நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் வந்தது. பழைய பழக்கம் உடனே விடவில்லை.

1676 அக்டோபரில் ஐசக் நியூட்டன், ஓல்டன்பர்க் வழியாக ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சுக்கு எழுதிய கடிதத்தில், தம் புதிய கணித முறையை எழுத்து எண்ணிக்கையாகப் பூட்டி வைத்தார். அதில் 'ஈ' மட்டும் பதின்மூன்று. லைப்னிட்ஸ் தம் சொந்த முயற்சியால் அதே கணிதத்தைக் கண்டு 1684இல் வெளிப்படையாக அச்சிட்டுவிட்டார். பிறகு யார் முதல்வர் என்று பெரும் சண்டை மூண்டது. ராயல் சொசைட்டி 1712இல் ஒரு குழு அமைத்து, நியூட்டனே முதல்வர் என்று முடிவு சொன்னது. அப்போது சங்கத்தின் தலைவர் நியூட்டன். அறிக்கையை எழுதியவரும் அவரே! பூட்டைத் திறந்தாலோ, உள்ளே 'இப்படி ஒன்றைச் செய்ய முடியும்' என்ற ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. எப்படிச் செய்வது என்பது அதில் இல்லை. இருவரும் தனித்தனியே கண்டறிந்தவர்களே என்பது இன்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு.

அதே சங்கத்தைச் சேர்ந்தவர் ராபர்ட் ஹூக். 1676 என்று ஆண்டிட்ட தம் சிறு நூல் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் இடம் மிஞ்சியதால், தாம் கண்டவை சிலவற்றைப் பட்டியலிட்டு அந்த இடத்தை நிரப்பினார். அதில் ஒன்று பதினான்கு எழுத்துப் பூட்டு. 1678இல் அவரே திறந்தார். 'உட் டென்சியோ, சிக் விஸ்' என்பது அந்த இலத்தீன் தொடர். இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவு நீட்சி என்று நாம் சொல்லலாம். இந்த விதி நம் வீட்டிலேயே தொங்குகிறது. பிள்ளையை உறங்க வைக்கச் சேலையில் ஏணை கட்டி, மேலே சுருள்வில் மாட்டுகிறோமே, அதைப் பாருங்கள். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஆறு கிலோ ஆகும்போது, அதன் எடையால் வில் நீளும் நீளமும் இரண்டு மடங்காகிவிடும். வில் தாங்கும் அளவை மீறாதவரை இந்தக் கணக்குத் தவறாது.

அந்தப் பக்கத்தில் இன்னொரு பூட்டும் இருந்தது. கட்டடங்களின் வளைவு எந்த வடிவில் இருந்தால் விழாமல் நிற்கும் என்பதற்கு விடை அதனுள் இருப்பதாக ஹூக் அறிவித்திருந்தார். அதை அவர் திறந்து காட்டவே இல்லை. 1703இல் இறந்துபோனார். 1705இல் அவருடைய கையெழுத்துப் படிகளை நூலாக்கிய ரிச்சர்ட் வாலர், விடையை அதில் வெளியிட்டார். தளர்ந்த சங்கிலி எப்படித் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவில் கல்வளைவு நிற்கும் என்பதே அது. உரோம் நகரின் புனித பேதுரு பேராலயத்துக் கோபுரக் கூரையில் விரிசல் விட்டபோது, போலேனி என்ற பேராசிரியர் ஒரு சங்கிலியில் எடைகளைக் கோத்துத் தொங்கவிட்டு, அதன் வடிவத்தைக் கூரையின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கூரை விழாது என்று சொன்னார். அவருடைய அறிக்கை 1748இல் அச்சாயிற்று. அந்தக் கூரை இன்றும் நிற்கிறது.