மே தினம்: எடுத்த விடுமுறையும் கொடுத்த விடுமுறையும்

மே மாதம் முதலாந் திகதி விடுமுறை என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அது யார் தந்த விடுமுறை என்று கேட்டால் நாம் சற்றுத் தயங்கவே நேரும். தொடக்கத்தில் அதனை எவரும் தரவில்லை. தொழிலாளர் தாமே எடுத்துக்கொண்டனர்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்னுங் கோரிக்கையுடன் 1886ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி அமெரிக்க நகரங்களில் இலட்சக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். மூன்றாந் திகதி சிக்காகோவில் ஆலை வாயிலொன்றிற் பொலிசார் சுட்டுத் தொழிலாளர் மாண்டனர். மறுநாள் ஹேமார்க்கெற் சதுக்கத்திற் கண்டனக் கூட்டம் நடந்தபோது குண்டொன்று வெடித்தது. எறிந்தவன் யாரென்பது இன்றுவரை துலங்கவில்லை. ஆயினும் எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, நால்வர் 1887 நவம்பர் 11இல் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியிருந்த மூவரை 1893இல் விடுவித்த ஆளுநர் ஓல்ற்கெல்ட், விசாரணையே நீதியற்றதென எழுதிவைத்தார். அந்நாடோ தன் தொழிலாளர் தினத்தைச் செப்டெம்பரில் வைத்துக்கொண்டது!

1889இல் பாரிஸ் நகரிற் கூடிய சர்வதேச மாநாடு மே முதலாந் திகதியை உலகத் தொழிலாளரின் ஆர்ப்பாட்ட நாளாக்கிற்று. அன்று வேலைக்குப் போகாதிருத்தல் இலேசான காரியமன்று. 1890இல் அவ்வாறு நின்றோரை ஹம்பேர்க் முதலாளிமார் ஆலைக் கதவடைத்து வெளியே நிறுத்தினர். ஒரு நாள் ஓய்வுக்குப் பல நாட் கூலியை விலையாகக் கொடுத்தவர்களை நம் இளைஞர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினங் கொண்டாடிய சிங்காரவேலர், அந்நாளை அரசு விடுமுறையாக்க வேண்டுமெனக் கோரினார். நியாயமான கோரிக்கையே. ஆனால் அரசு தரும் விடுமுறைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1933இல் ஹிட்லர் அரசு மே முதலாந் திகதியைச் சம்பளத்துடன் கூடிய தேசிய விடுமுறையாக்கிப் பெருவிழா எடுத்தது. தொழிற்சங்கத்தாரும் சென்று அணிவகுத்தனர். மறுநாட் காலை சங்கக் காரியாலயங்கள் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் சிறைப்பட்டனர்.

இலங்கையில் 1956இல், பண்டாரநாயக்கா ஆட்சியில், மே தினம் பொது விடுமுறையாயிற்று. பின்னர் அது கட்சிகள் தத்தம் கூட்டத்தை எண்ணிக் காட்டும் நாளாகவும் மாறிவிட்டது. மேடையிற் கூலியைவிடத் தேர்தலே மிகுதியாகப் பேசப்படுவதை நாம் கேட்டிருக்கின்றோம். சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்கூலியாளுக்கோ, அன்றும் உழைத்தாற்றான் அடுப்பெரியும்.

2018இல் வெசாக் வாரத்தை முன்னிட்டு அரசு அவ்விடுமுறையை மே 7ஆந் திகதிக்கு மாற்றியது. முதலாந் திகதி வேலைநாளாயிற்று. சில சங்கங்கள் அன்றைக்கே கூடின.