சிங்கப்பூரைக் கட்டிய கைதிக் கொத்தர்

கட்டடம் எழுப்புவோர்க்குக் கல்லும் மரமும் கிடைத்து விடும். கைதேர்ந்த ஆள் கிடைப்பதுதான் அரிது. கிடைத்த ஆளை வேலை முடியுமட்டும் நிறுத்தி வைத்துக் கொள்வது அதனினும் அரிது. சிங்கப்பூர் நகரம் இந்தத் தொல்லையோடுதான் பிறந்தது.

1819ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபிள்ஸ் இரண்டாம் முறையாக இத்தீவுக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகார்ப் பக்கத்தில் செங்கற் சூளை அமைத்தவர் அவர். வேலைக்கு ஆள் வேண்டியபோது, பினாங்கிலிருந்த தம் நண்பர்களுக்கு எழுதிக் கொத்தரையும் தச்சரையும் தருவித்தார். இந்நகரின் முதற் கட்டட ஒப்பந்தக்காரர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவர். அறிந்தவர் வாயிலாக அறிந்தவரைச் சேர்க்கும் இம்முறை, பிற்காலத்தில் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஆள் சேர்த்த முறைக்கு மூத்த உறவு எனலாம்.

ஆனால், தானே வந்த தொழிலாளி தானே போகவும் கூடும். புதிய துறைமுகத்தில் எங்கு நோக்கினும் வேலை. கூலி கூடின இடத்துக்கு ஆள் நகர்வதை யார் தடுக்க முடியும்? கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசாங்கமோ செலவுக்குக் கை இறுக்கியது. ஆகவே அது வேறு வழியை நாடியது. போக முடியாத ஆளைக் கொண்டு வந்தது.

1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சுமத்திராவிலுள்ள பென்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரல் 18ஆம் நாள் வந்திறங்கிய முதற் கூட்டத்தினர் எண்பது பேர். அவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்துக்குப் பின் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்தே நேராகக் கப்பல்கள் வரத் தொடங்கின. 1860ஐ ஒட்டி இங்கிருந்த இந்தியக் கைதிகள் ஏறக்குறைய இரண்டாயிரவர்.

தொடக்கத்தில் இவர்களுக்குக் கிடைத்தது மண்வெட்டியும் கூடையுமே. சதுப்பு நிலத்தைத் தூர்ப்பதும் காட்டை வெட்டிச் சாலை போடுவதும் அவர்கள் வேலை. 1833இல் பொதுப்பணி மேற்பார்வையாளரான கோல்மன் நார்த் பிரிட்ஜ் சாலையையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் இவர்களைக் கொண்டே அமைத்தார். இதற்கு ஆள் பலம் போதும். தேவாலயம் கட்டவும் கலங்கரை விளக்கம் நிறுத்தவும் ஆள் பலம் போதாது; தொழில் தெரிந்த கை வேண்டும். விலங்கு பூட்டி ஒருவனை இருத்தலாம். அவனைக் கொத்தனாக்க விலங்கால் ஆகாது. இதை அதிகாரிகள் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தனர்.

பிராஸ் பாசாவில் இருந்த கைதிச் சிறை நாளடைவில் ஒரு பெரிய தொழிற்பட்டறையாயிற்று. செங்கல் அறுத்தல், சுண்ணாம்பு சுடுதல், கல் தச்சு, மரத் தச்சு, கொல்லு வேலை அனைத்தும் அங்கே பழக்கப்பட்டன. சிராங்கூன் சாலைச் சூளையில் கைதிகள் அறுத்த செங்கல் 1867ஆம் ஆண்டு ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. முதலில் தேறியவர் அடுத்து வந்தவர்க்குக் கற்பித்தனர்.

பழக்கியவனைப் பழுதின்றி வேலை செய்யத் தூண்டியது எது? கவர்னர் பட்டர்வொர்த் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட ஆறு வகுப்பு முறையை இங்கே கருத வேண்டும். புதிதாய் வந்தவன் கீழ் வகுப்பில், காலில் விலங்கோடு தொடங்குவான். நன்னடத்தை காட்டினால் விலங்கு கழலும்; பொதுப்பணி வகுப்புக்கு உயர்வான். அதற்கும் மேலே, கைதிகளுக்குள்ளேயே சிற்றதிகாரிகளாக நியமிக்கப்பட்டோர் வகுப்பு. உச்சியிலிருந்தவர்கள் அனுமதிச் சீட்டுப் பெற்றுச் சிறைக்கு வெளியே வாழ்ந்து தம் பிழைப்பைத் தாமே தேடிக் கொள்ளலாம். தவறினால் மீண்டும் கீழிறக்கம். ஆயுள் தண்டனை பெற்றவனுக்கும் ஏறிச் செல்ல ஒரு படி தெரிந்தது. மேஜர் மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலுக்குக் கைதிகளே தமக்குக் காவலர் என்னும் கருத்துடைய பெயரை இட்டது இதனாலேயே. சிற்றதிகாரிகளுள் ஒரு நிலையினரைத் ‘திண்டல்’ என்று ஆங்கிலேயர் எழுதினர். நம் படகுத் துறைகளில் வழங்கும் ‘தண்டல்’ என்னும் சொல்லே இது என்பதைத் தமிழாசிரியர்கள் கண்டுகொள்வர்.

இம்முறையின் தலைசிறந்த விளைவு செயிண்ட் ஆண்ட்ரூ தேவாலயம். கோல்மன் வரைந்த பழைய கோயில் இருமுறை இடிவிழுந்து பழுதாகி 1855இல் இடிக்கப்பட்டது. புதியதற்கு 1856 மார்ச்சு 4இல் கல் நாட்டினர். 1861 அக்டோபரில் முதல் வழிபாடு நடந்தது. வரைபடம் மக்பர்சனுடையது, அவருக்குப் பின் வேலையை நடத்தியவர் மக்நேர். இருவரும் சென்னைப் பீரங்கிப் படையிலிருந்து வந்தவர்கள். கட்டியவை கைதிகளின் கைகள்.

அதன் உட்சுவர்ப் பூச்சைப் பற்றி மக்நேர் விரிவாகவே எழுதியிருக்கிறார். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பை எடுத்து, முட்டை வெண்கருவையும் வெல்லத்தையும் சேர்த்து அடித்துப் பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கலந்து பூசினர். உலர்ந்தபின் படிகக் கல்லாலும் உருண்டைக் கற்களாலும் பளபளப்பு ஏறும்வரை தேய்த்தனர். ‘மதராஸ் சுனாம்’ என்று ஆங்கிலேயர் வியந்த இப்பூச்சு, செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்க்குப் புதிதன்று. கோதிக் பாணிக் கோயிலுக்குள் நம் ஊர்ச் சுண்ணாம்பு!

இதைக் கொண்டு அம்முறையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. சிற்றதிகாரிகளுக்கும் உயர் வகுப்பினருக்கும் சிறு படி கிடைத்ததே தவிர, ஒரு கொத்தனின் நியாயமான கூலி எவர்க்கும் கிடைக்கவில்லை. அரசாங்கம் மலிவாகக் கட்டிக் கொண்டது என்பதே கணக்கு. ஆயினும் அவர்களை வெறும் குற்றவாளிகள் என்று ஒதுக்குவோர், அந்தச் சுவரைப் பார்த்த பின்னும் அவ்வாறு சொல்வார்களா?

1857இல் இந்தியாவில் கிளர்ச்சி மூண்டதும் இங்கிருந்த ஐரோப்பியர் கைதிகளை அஞ்சலாயினர். அந்தமானில் 1858இல் புதிய குடியிருப்பு ஏற்பட்டது. 1860க்குப் பின் இங்குப் புதுக் கைதிகள் வரவில்லை. ஆனால், அஞ்சியவர்களே அந்தக் கைகளை விட்டுவிட மனமில்லாதிருந்தனர். 1867இல் தொடங்கி 1869இல் முடிந்த கவர்னர் மாளிகை, இன்றைய இஸ்தானா, மக்நேரின் மேற்பார்வையில் கைதிகளின் உழைப்பாலேயே எழுந்தது. 1869இல் திறக்கப்பட்ட கேவனா பாலமே அவர்கள் செய்த கடைசிப் பெரும் பணி என்பர்.

1873இல் கைதித் துறை கலைக்கப்பட்டது. தண்டனை மீதமிருந்தோர் அந்தமானுக்குக் கப்பலேறினர். மன்னிக்கப்பட்டோர் பலர் இங்கேயே தங்கி, மாடு வளர்த்தும் பால் விற்றும் வண்டி ஓட்டியும் இவ்வூர் மக்களோடு கலந்தனர். அரை நூற்றாண்டு காலம் பட்டறையில் திரண்ட தொழிலறிவு இவ்வாறு பிரிந்து போயிற்று. மக்பர்சனுக்குத் தேவாலய வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. பொதுப்பணித் துறையோ, நாராயண பிள்ளையைப் போல, மீண்டும் கூலிக்கு ஆள் தேடப் புறப்பட்டது.