விடுமுறை நாள் ஊதியம் (நெய்வேலி)

கடலூர் மாவட்டம் நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் வார ஓய்வு நாளிலும் தேசிய, பண்டிகை விடுமுறைகளிலும் பார்க்கும் வேலைக்குக் கூலி கணக்கிடும் முறை. பேச்சு வழக்கில் ‘டபுள் சம்பளம்’. இரண்டு மடங்கு என்பதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. எதன் இரண்டு மடங்கு என்பதில்தான் எல்லாத் தகராறும்.

இவற்றை நடத்தும் நெய்வேலி நிறுவனம் 1956 நவம்பர் 14இல் பதிவானது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. இங்கே பொங்கலானாலும் தீபாவளியானாலும் வேலையை நிறுத்த வழியில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்காவிட்டால் அது சுரங்கத் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். கொதிகலனும் நாள்காட்டி பார்ப்பதில்லை. ஆகவே மூன்று ஷிப்ட். வார ஓய்வும் ஆளுக்கொரு நாள்.

சுரங்கத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், மின் நிலையத்துக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் என அக்கம்பக்கத்து வேலையிடங்கள் இரண்டு சட்டங்களின் கீழ் வந்தன. இரண்டுமே வார ஓய்வைக் கட்டாயமாக்கின. ஓய்வு பறிபோனால் ஈடாக வேறொரு நாள் தரச் சொல்லின. சுதந்திர தினத்தையோ பொங்கலையோ இரண்டும் பேசவில்லை.

அந்த இடைவெளியை மாநில அளவில் நிரப்பியது 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். சம்பளத்தோடு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் ஐந்து பண்டிகை நாளுமாக ஒன்பது விடுமுறைகளை இன்று அது தருகிறது. அன்று வேலை பார்த்தவர் இரு மடங்கு கூலி கேட்கலாம். அல்லது அன்றைய கூலியோடு, சம்பளத்துடன் ஒரு மாற்று விடுமுறை கேட்கலாம். தேர்வு தொழிலாளியுடையது. இரண்டும் பண மதிப்பில் ஒன்றே. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மடங்கு சம்பளத்திலேயே அடங்கிவிட்டதால், கூடுதலாகக் கைக்கு வருவது இன்னொரு மடங்குதான். மூன்று மடங்கை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பெரிய ஆலைகளில் இந்த விவரங்களை நிலையாணைகளும் தொழிற்சங்க ஒப்பந்தங்களும் முடிவுசெய்கின்றன. பண்டிகை ஒருவரின் வார ஓய்வு நாளிலேயே வந்துவிட்டால் என்ன என்பது போன்ற கேள்விகளும் அங்கேதான் தீரும்.

ஓ.டி. எனப்படும் மிகைநேரக் கணக்கு வேறு. 2025 வரை நடைமுறையில் இருந்த சுரங்கச் சட்டப்படி, சுரங்கத்தின் மேற்பரப்பில் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் சாதாரண விகிதத்தின் இரு மடங்கு கிடைத்தது. நாளுக்கு எட்டு மணியாக ஆறு நாள் உழைத்தவர் ஓய்வு நாளிலும் வந்தால் 48 தாண்டிவிடும். ஓய்வு நாள் வேலை டபுளானது இந்த வழியாக. ‘சாதாரண விகிதம்’ எது என்பதற்கான அச்சட்டத்தின் 33ஆம் பிரிவின் பட்டியல் படிக்கச் சுவையானது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, நிலத்தடிப் படி, இலவசத் தானியத்துக்கும் சமையல் எண்ணெய்க்குமான பண மதிப்பு ஆகியவை சேர்ந்தன. இலவச வீடு, நிலக்கரி, மருத்துவம், மண்ணெண்ணெய், கூடை, கருவி, சீருடை எதுவும் சேரவில்லை. குவார்ட்டர்ஸே வாழ்க்கையாகிப்போன நெய்வேலியில், வீட்டின் மதிப்பு டபுள் கணக்குக்குள் வராமல் போனதற்கு இதுவே காரணம்.

நாள் கூலியைப் பிரிப்பதிலும் வம்பு உண்டு. 26,000 ரூபாயை 26ஆல் வகுத்தால் 1,000. 30ஆல் வகுத்தால் 867க்கும் குறைவு. பணிக்கொடை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1980இல் 26ஐ ஏற்றது. அது பணிக்கொடைக்கான தீர்ப்பு, ஆனால் சம்பளப் பட்டியல் போடுகிற பலரும் அதையே பின்பற்றுகிறார்கள்.

இந்த ஏற்பாடுகள் எட்டாத கூட்டம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நாள் கூலிக்காரருக்கு விடுமுறை என்பது வருமானமில்லாத நாளாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நிரந்தரத் தொழிலாளியின் அதே வேலையைச் செய்பவருக்கு அதே கூலியும் அதே விடுமுறையும் தர வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் மத்திய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் கூறின. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்றது அந்த விதிகளின் தாய்ச் சட்டம். ‘அதே வேலை’யா இல்லையா என்று நிரூபிப்பதில் உரிமை சிக்கிக்கொண்டது. பணி நிரந்தரம் கேட்டு நெய்வேலியில் திரும்பத் திரும்ப நடந்த வேலைநிறுத்தங்களை இந்தப் பின்னணியோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 21இல் இந்த மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்பது அப்படியே தொடர்கிறது. மாறியது அடித்தளம்: வீட்டு வாடகைப் படி போன்று விலக்கப்பட்ட இனங்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். படிகளைப் பெருக்கி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி வைத்த இடங்களில், இரட்டிப்பாக வேண்டிய தொகை இதனால் கூடும்.