மழை, ரேஸ் கார், கேமரா: கொஞ்சம் வரலாறு

ரேஸ் படங்களில் எனக்கு எப்பவும் பிடிச்சது மழை நாள் படங்கள்தான். முன்னால ஒரு கார். அதுக்குப் பின்னால வெள்ளையா ஒரு தண்ணிச் சுவர். அந்த வெள்ளைக்குள்ள எங்கேயோ சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா அந்த வெள்ளைக்குள்ள இன்னொருத்தன் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றான். நமக்கு அழகாத் தெரியற அதே தண்ணி அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. மழை ரேஸ் போட்டோவோட வரலாறே இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஓடுது.

இது நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. ஐப்பசி அடைமழையில தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை ரோட்டுல, ஒரத்தநாடு தாண்டி, ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி பைக்ல போனவங்களுக்கு நல்லாவே புரியும். பஸ் தெரியாது, சாரல்தான் தெரியும். அது அறுபது கிலோமீட்டர் வேகத்துல. ஃபார்முலா ஒன் மழை டயர் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணியை வாரி இறைக்கும்னு பைரெல்லி கம்பெனி கணக்கு சொல்லுது. ஒரு டயருக்கு! நம்ம ஊர் பம்ப்செட்டெல்லாம் பக்கத்துலயே வர முடியாது.

சரி, மழை படத்துக்கு ஏன் இவ்வளவு உதவுது? அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும். ஓடுற காரை நிக்கிற படத்தில் எப்படி ஓட வைக்கிறது என்பது ஆரம்பத்தில் இருந்தே தலைவலி. 1913ல் பிரான்சில் அமியேன் நகரத்துப் பந்தயத்தில் ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற 19 வயசுப் பையன் ஒரு படம் எடுத்தான் (ரொம்ப வருஷம் 1912னே எழுதிக்கிட்டு இருந்தாங்க). அந்தக் காலத்து கேமராவில் ஷட்டர் என்பது ஒரு சின்ன இடுக்கு; அது மெதுவா நகர்ந்து படத்தின் ஒவ்வொரு பகுதியா பதியும். அது நகர்ற நேரத்துல காரும் நகர்ந்துடுச்சு, அவன் கேமராவையும் திருப்பிட்டான். விளைவு, சக்கரம் முட்டை மாதிரி முன்பக்கம் சாய்ஞ்சிருக்கு, ஓரத்துல நிக்கிற ஜனங்க எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்காங்க. கெட்டுப்போன படம்னு ஒதுக்கி வச்சது, 1963ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் லார்த்திக்குக்குக் கண்காட்சி வச்ச பிறகு உலகப் புகழ் ஆயிடுச்சு.

ஷட்டர்கள் நல்லா ஆனதும் வேற பிரச்சினை. மணிக்கு 180 கி.மீ.ல போற கார் விநாடிக்கு 50 மீட்டர் ஓடும். 1/1000 விநாடி ஷட்டரில் அது நகர்றது 5 செ.மீ. மட்டும். படத்துல கார் பார்க்கிங்ல நிக்கற மாதிரி இருக்கும். 1/60ல் எடுத்தா 83 செ.மீ. நகரும், காரோடயே கேமராவையும் திருப்பினா கார் தெளிவா, பின்னணி கோடு கோடா வரும். கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு. மழை வந்தா இந்தக் கஷ்டமே வேண்டாம். 1/1000ல் எடுத்தாலும் பின்னால எழும்பற தண்ணியே வேகத்தைச் சொல்லிடும்.

ஆனா மழைன்னா வெளிச்சம் கிடையாதே. 35 மி.மீ.ல் கோடாக் ட்ரை-எக்ஸ் வந்தது 1954ல். அதோட வேகம் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கலர் ஃபிலிம் அதைவிட ரொம்ப மெதுவு. அதனால கருமேகத்துக்குக் கீழ நின்னவங்க வேண்டாம்னாலும் 1/60, 1/30னு இறங்கித்தான் ஆகணும்.

24 அக்டோபர் 1976, ஜப்பானில் ஃபுஜி. மழையும் மூட்டமும். நிக்கி லாடா இரண்டு சுற்றோட வண்டியை நிறுத்திட்டு இறங்கிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்து பிழைச்சிருந்தார். ஜேம்ஸ் ஹண்ட் மூன்றாவதா வந்து ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன், 69க்கு 68. எட்டு வருஷம் கழிச்சு, ஜூன் 1984ல் மொனாக்கோ. கொட்டற மழையில 13வது இடத்தில் கிளம்பின ஐர்டன் சென்னா, டோல்மன் என்ற சுமாரான காரை வச்சுக்கிட்டு, முதல்ல போன அலன் ப்ராஸ்டை விரட்டிக்கிட்டு வரும்போது 31 சுற்றுக் கணக்கோட ரேஸை நிறுத்திட்டாங்க. ப்ராஸ்டுக்குப் பாதிப் புள்ளி, நாலரை. அந்த வருஷம் அவர் சாம்பியன் பட்டத்தை அரைப் புள்ளியில் விட்டார். யார்கிட்டன்னு கேக்கறீங்களா? அதே லாடாகிட்ட. மழை கணக்குத் தீர்க்கற விதம் இருக்கே :-)

இந்த ரெண்டுக்கும் நடுவுல 1982 ஆகஸ்டில் ஹாக்கன்ஹைம். மழையில் பயிற்சி ஓட்டம். முன்னால சாரலுக்குள்ள ப்ராஸ்டோட கார் மெதுவாப் போறது டிடியே பிரோனிக்குத் தெரியலை. முழு வேகத்துல மோதி ரெண்டு காலும் நொறுங்கிப்போச்சு. அப்ப சாம்பியன் பட்டியலில் அவர்தான் முதல் இடம். அதுக்கப்புறம் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. மேல சொன்ன சிவப்புப் புள்ளி, காரோட பின்பக்க மழை விளக்கு. படத்துல அது அலங்காரம் மாதிரி இருக்கும். பின்னால வர்றவனுக்கு இருக்கற ஒரே துப்பு அதுதான்.

நம்ம பக்கம்? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஆரம்பம். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்திலதான் பல வருஷம் ரேஸ். வருஷத் தொடக்கத்துல, வெயில் காலத்துக்கு முன்னால நடக்கும். அதனாலயோ என்னவோ, நான் பார்த்த சோழவரம் படங்களில் எல்லாம் புழுதியும் வெயிலும்தான். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தப்புறம் ஆடி, ஆவணியிலும் போட்டிகள். சென்னையோட சாயங்கால இடிமழை அதுல பங்கு கேட்காம இருக்குமா? தீவுத்திடல் தெருப் பந்தயத்தோட கதை இன்னும் மோசம். டிசம்பர் 2023ல் நடக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட வச்சுது. 2024 ஆகஸ்ட் 31ல் திரும்ப வச்சா அன்னிக்கும் மழை! டிராக்குக்கு எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் கிடைக்கவே தாமதம். போட்டிகள் மறுநாள் ராத்திரி விளக்கொளியில் நடந்தது. ராத்திரி, ஈர ரோடு, எதிர் வெளிச்சம்... போட்டோக்காரங்களுக்கு வேற என்ன வேணும்? ஓட்டறவங்களைக் கேட்டா வேற பதில் வரும்.

கேமராவைப் பொறுத்தவரை எல்லாம் சுலபமாயிடுச்சு. 1985ல் மினோல்டா 7000 வந்து தானியங்கி ஃபோகஸை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. ஆனா மழையில அது காரை விட்டுட்டுச் சாரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். தெளிவா இருக்கிற ஹெல்மெட்டோ முன் சக்கரமோதான் அதுக்குப் பிடி. 2007ல் நிக்கான் டி3 ஐ.எஸ்.ஓ. 6400ல் சாதாரணமா படம் எடுத்துது. அதுக்கப்புறம் இருட்டு ஒரு சாக்கே இல்லை.

சென்னைப் பக்கம் எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. ஏசி ரூம்ல இருந்து கேமராவை நேரா வெளிய எடுத்தா, மழைக்கு முன்னாடியே லென்ஸ் வேர்த்துடும். பையை மூடியே வெளியில அரைமணி நேரம் வச்சுட்டு அப்புறம் திறங்க. துடைக்க ரெண்டு பருத்தித் துண்டு, லென்ஸ் மேல போட ஒரு பிளாஸ்டிக் பை. கடைசித் துண்டை மட்டும் நனைய விடாம உள் பாக்கெட்ல வச்சுக்கணும்.