மல்லாட்டை எண்ணெயும் பித்தளைத் தூக்கும்

எங்கள் கம்மாபுரம் பக்கம் நிலக்கடலை என்று வாத்தியார்தான் சொல்லுவார். மற்ற எல்லோருக்கும் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் வாய்க்கு வாய் தேய்ந்து அப்படி ஆனது. தென்னார்க்காட்டு மானாவாரி நிலங்களில் அது பரவியதற்குப் புதுச்சேரித் துறைமுகமும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து பிரான்சின் மார்சேய் நகருக்குக் கப்பலில் போனது, எண்ணெயும் சோப்பும் செய்ய. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

விளைந்ததை விற்றால்தான் எங்களுக்குக் காசு. அதனால் வீட்டில் எண்ணெய் அளந்துதான் புழங்கும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெயை அம்மா கொட்டமாட்டாள். ஆறியதும் வேட்டித் துணியில் வடிகட்டுவாள். தூள் தங்கினால் கசந்துவிடும். பீங்கான் ஜாடியை வெயிலில் காயவைத்து, கழுத்துவரை ஊற்றி, இறுக்க மூடி, வெளிச்சம் படாத மூலையில் வைப்பாள். ஈரக் கரண்டி போட்டால் எங்களுக்கு அடி விழும். பொங்கலுக்குள் தாளித்தே தீர்த்துவிடுவாள்.

ஒரு வருஷம் ஜாடி உடைந்துபோனது. அம்மா பித்தளைத் தூக்கில் ஊற்றி வைத்தாள். ஈயம் பூசுகிறவர் அந்த வருஷம் வரவில்லை. உள்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. கார்த்திகைக்கு முன்பே சிக்கு வாடை தூக்கியது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தக் கார்த்திகைக்கு எங்கள் வாசலில் அகல்கள் அதிகம்.

பித்தளையில் இருக்கும் செம்பு, எண்ணெயைக் காற்றோடு சேர்த்துச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்று வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. புளிக்குழம்புக்காக மட்டும்தான் ஈயம் பூசுகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மா செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். வடிகட்டினால் தூள்தான் போகும், காய்ச்சியதால் வந்த கேடு போகாது. 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு அளவு வைத்திருக்கிறது: காய்ச்சக் காய்ச்சச் சேரும் 'துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. அப்படிக் கழித்த எண்ணெயைக் கடைகளில் வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. பாரிஸில் ஓடிய எஞ்சினுக்கே திரும்பிப் போகிறது. அதற்குச் சேர்த்து வைக்கும் கேனிலும் தூள், தண்ணீர் கூடாது. மூடி திறந்திருக்கக் கூடாது.

அந்தப் பித்தளைத் தூக்கு இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஈயம் பூச ஆள்தான் கிடைக்கவில்லை.