மலையிலிருந்து இறங்கிய சொல்

அமெரிக்காவில் ஒருவர் ‘பூன்டாக்ஸ்’ பக்கம் வீடு வாங்கியிருக்கிறார் என்றால், பட்டிக்காட்டில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். டெக்சாஸ் பண்ணையில் பிறந்த சொல் போல ஒலிக்கும். பிறந்த இடமோ பிலிப்பைன்ஸ். தகாலோக் மொழியில் ‘புந்தோக்’ என்றால் மலை, அவ்வளவுதான்.

1898 டிசம்பரில் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து அந்தத் தீவுகளை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. ஜூன் மாதமே விடுதலை அறிவித்திருந்த பிலிப்பைன்ஸ்காரர்களை யாரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரியில் சண்டை மூண்டது. நேருக்கு நேர் நின்று தாக்குப்பிடிக்க முடியாது என்றானதும், நவம்பரில் அவர்களுடைய தலைவர் எமிலியோ அகினால்டோ கொரில்லாப் போருக்கு மாறி லூசோன் தீவின் வடக்கு மலைகளுக்குள் போனார். டிசம்பர் 2 அன்று டிராட் கணவாயில் அவருடைய தளபதி கிரெகோரியோ டெல் பிலார், சுமார் 60 பேரோடு அமெரிக்கப் படையை மறித்து நின்றார். வயது 24. அவர் குண்டடிபட்டுச் சாவதற்குள் அகினால்டோ வெகுதூரம் போய்விட்டார். 1901 மார்ச்சில்தான் பிடிபட்டார்.

எதிரி எங்கே என்று சிப்பாய்கள் கேட்ட இடமெல்லாம் பதில் ‘புந்தோக்’ என்றே வந்திருக்க வேண்டும். துரத்துகிறவனுக்கு அது மலையாகவா தெரியும்? வழி தெரியாத காடு, அவ்வளவே. அந்தப் பொருளோடுதான் சொல் கப்பலேறியது.

அதை விடாமல் வைத்திருந்தவர்கள் மரைன் படையினர். தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் அவர்களுடைய பயிற்சி முகாமைச் சுற்றிச் சேறும் உப்பங்கழியும்தான். குன்று என்று ஒன்று கிடையாது. அந்தச் சதுப்புக்கும் அதே பெயர்! இரண்டாம் உலகப் போரில் அவர்கள் மாட்டிய, தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும் கணுக்கால் பூட்ஸ் ‘பூன்டாக்கர்ஸ்’ ஆனது. வியட்நாமில் சொல் ‘பூனீஸ்’ என்று சுருங்கி, அகல விளிம்புத் தொப்பிக்கும் ஒட்டிக்கொண்டது. 1965இல் பில்லி ஜோ ராயல் பாடிய பாட்டில் அது ஏழைகள் வாழும் ஒதுக்குப்புறம். இன்று வேனை ஓட்டிப்போய், கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் தங்குவதற்கும் ‘பூன்டாக்கிங்’ என்று பெயர்.

பிலிப்பைன்ஸில் அராயட் மலை இன்றும் ‘புந்தோக் அராயட்’தான். ஆனால் இளக்காரத்தை அமெரிக்கர் தலையில் மட்டும் கட்ட முடியாது: நாகரிகம் தெரியாதவன் என்று ஒருவனை மட்டம்தட்ட அங்கேயும் ‘தகா-புந்தோக்’, மலைக்காரன், என்கிறார்கள். ‘நமுந்தோக்’ என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. மலைக்குப் போய்விட்டான் என்று பொருள். ஆயுதம் எடுத்துக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துவிட்டான் என்றும் பொருள்.