தராசு சொல்லாத சேதி

நோயில் உடம்பு உருகிப்போவதற்கு கிரேக்கர்கள் வைத்த பெயர் 'ககெக்ஸியா'. அர்த்தம், 'கெட்ட நிலை'. பெயர் வைத்ததோடு சரி! அது எத்தனை பெரிய எமன் என்று தெரிய 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புற்றுநோயில் இறந்த 500 பேரின் உடல்களை ஆராய்ந்தார் அமெரிக்க டாக்டர் ஷீல்ட்ஸ் வாரன். சாவுக்கு உடனடிக் காரணங்களில் இந்த உருகலுக்குத்தான் முதலிடம்!

எடை குறைந்தால்தானே ஆபத்து என்கிறீர்களா? அங்கேதான் தராசு நம்மை ஏமாற்றுகிறது. 2008-ல் கனடாவில் கார்லா பிராடோ குழுவினர், குண்டான 250 புற்றுநோயாளிகளின் சி.டி. ஸ்கேன் படங்களில் தசையை அளந்தார்கள். 15 சதவிகிதம் பேருக்குக் கொழுப்புக்கு அடியில் தசை கரைந்திருந்தது. மற்ற குண்டர்களைவிட இவர்கள் சீக்கிரம் இறந்தார்கள்.

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறதா? "வெயிட் குறையலையே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்பட்டால், டாக்டரிடம் சொல்லுங்கள்.